பத்து இருபது

ஸ்கேன் அறையில் எனக்கு வேலை.
நாள் முழுக்கச் சாம்பலுக்குள்
சாம்பல் புள்ளி தேடுகிறவள்.
முடிந்ததும் வட்டில் எழுதி உறையில் போட்டுக் கொடுப்பேன்.
சில்சாரிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்தவர்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
இதை எதில் போட்டுப் பார்ப்பது, மேடம்?
அவர் லேப்டாப்பில் அதற்கு வாய் இல்லை.
இப்போது யாருடையதிலும் இல்லை.

அதே வாரம் எனக்கும் ஒரு வட்டு வந்தது.
ஜெர்மனியில் அச்சிட்டது, ஆயிரத்து இருநூறு பிரதி,
இதற்கு மேல் போட மாட்டோம் என்று
அட்டையிலேயே சத்தியம்.
சென்னை சுங்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்து
விலையில் பாதியைத் தீர்வையாகத் தின்று
காட்பாடி காந்தி நகருக்கு
எல்.ஐ.சி. நோட்டீஸ்களோடு வந்து சேர்ந்தது.
நல்லவேளை, இந்த வகைக்கு நாட்டுப் பூட்டு கிடையாது.

ஓட்டுகிற பெட்டி பழசு.
செய்த கம்பெனி கையைக் கழுவியாயிற்று.
பாகாயத்துப் பல் டாக்டர் ஊரைக் காலி செய்தபோது
ஃபிரிஜ்ஜோடு சேர்த்துத் தள்ளிவிட்டது.
“இதுக்கெல்லாம் இன்னா எதிர்காலம்?”
ஸ்டெபிலைசரைத் தட்டியபடி கேட்கிறார் சுகிர்தராஜ்.
பெரிதாக ஒன்றும் வேண்டாம்.
ஐம்பத்து மூன்றாம் நிமிடம் இருந்தால் போதும்.

செயலியில் இந்தப் படம் மார்ச் வரை இருந்தது.
ஏப்ரலில் அந்த இடத்தில் ஒரு சமையல் போட்டி.
இருந்தபோதுதான் என்ன இருந்தது?
கோட்டை அகழி, கருப்புக் கூழ்.
மதில்மேல் நின்ற இருநூறு பேரும்
தண்ணீர் கூடிப்போன உப்புமா.
அதில் ஒரு ரவை, என் தம்பி எபி.

முந்நூறு ரூபாயும் குஸ்காவும் கூலி.
அக்னி வெயிலில் தகரக் கவசத்தோடு
ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தான்.
அந்த மாதம்தான் என் வாட்ச் காணாமல் போனது.
முதல் சம்பளத்தில் லாங்பஜாரில் வாங்கியது,
தங்கமுலாம் பட்டை, நகத்தளவு முகம்.
நீதான் எடுத்தாய் என்றேன்.
பைபிள்மேல் கைவைத்துத்
தொட்டதேயில்லை என்றான்.
மஸ்கட் போனான்.
பதினான்கு கிறிஸ்துமஸ்.

ஒரு வாட்சுக்கா பேசாமலிருப்பார்கள்
என்று கேட்பவர்களுக்குத் தம்பி இல்லை.

ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
அரிசி களைகிற சத்தத்தில் வட்டு சுற்றியது.
மதில் கல் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம்.
அகழியில் பாசி, இலை இலையாக.
இருட்டில் மட்டும் நாலு வகை.
இடமிருந்து ஒன்பதாவது காவலன்
மூக்கைச் சொறிய
ஈட்டியைக் கைமாற்றுகிறான்.
நிறுத்தினேன்.

மேலுதட்டில் வேர்வை. தாடையில்
சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.
மணிக்கட்டில்,
நாயக்கர் காலத்துச் சிப்பாயின் மணிக்கட்டில்,
என் லேடீஸ் வாட்ச்.
மணி பத்து இருபது.

டைரக்டர் பார்க்கவில்லை. எடிட்டர் பார்க்கவில்லை.
முதல் நாள் விசிலடித்த ஊரே பார்க்கவில்லை.
புள்ளி தேடிச் சம்பளம் வாங்குகிறவள்
ரிப்போர்ட் எழுதும் பாஷையில் சொல்லிக்கொண்டேன்:
இடது மணிக்கட்டு. ஐயத்துக்கு இடமில்லை.
ஜெயித்த மாதிரி இல்லை.
அந்தக் கைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.
வாட்ஸப் அதைப் பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தது.
திறந்து பார்த்தால் தழும்பு இல்லை,
வாட்ச் ஒரு மஞ்சள் கறை.
“டிஸ்க்ல நீ இருக்கே” என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து, பதினான்கு வருஷம் கழித்து,
பதில்:
“டிஸ்க்கா? அதெல்லாம் இன்னுமா வருது?”

கொஞ்சமா வருது, என்று தட்டினேன்.
அழித்தேன்.
“ஊருக்கு வரசொல்ல போட்டுக் காட்டறேன்.
சீக்கிரம் வா.
லென்ஸ் எத்தனை நாள் தாங்கும்னு தெரியல.”